ரவர் தெரியுது, கோல் போகேல்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போன், சிம், சிக்னல். காரணம் தெரிந்ததுதான். நல்லூர்க் கொடியேற்றத்தோடு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும் காலம். வந்தவர்களைத் தீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அடுத்த பத்து வருசத்துக்குக் குறை கேட்கவேண்டி வரும். ஆகவே அரசியல், சினிமா, சம்பந்தம் பேசுவது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கத்தை முழுசாக சிம்முக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, கனடாவில் இருந்து அண்ணன் குடும்பம் வருகுது. நெடுந்தீவு, நயினாதீவு, சுண்டிக்குளம் எல்லாம் பார்க்கவேணுமாம். எந்தக் கொம்பனி சிம் நல்லது? ஒரே சொல்லிலை சொல்லுங்கோ.
(குடும்பத் தலைவி, கோண்டாவில்)

பதில்: ஒரே சொல்: இரண்டு.

ஒரு கொம்பனியை மட்டும் நம்பித் தீவுக்குப் போகாதீர்கள், தங்கச்சி. இப்போது வரும் போன்களில் அநேகமாக இரண்டு சிம் போடலாம். இல்லாவிட்டால் ஒன்றை இ-சிம்மாக எடுக்கலாம். ஆனால் எந்த இரண்டு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 077 ஒன்றும் 075 ஒன்றும் வைத்துக்கொண்டு, 'இரண்டு கொம்பனி கையில் இருக்கு' என்று தெம்பாகப் படகில் ஏறுகிறார்கள். 075காரரான எயார்டெல் லங்கா 2024 ஜூனில் 077 டயலொக்குடன் இணைந்துவிட்டது. இரண்டையும் வைத்திருப்பது ஒரே வீட்டுக்கு இரண்டு படலை வைத்த கதைதான். அதேபோல 078, 072 இரண்டும் ஹட்ச். எட்டிசலாட் என்று முன்பு இருந்ததை அவர்கள் 2018இல் எடுத்துக்கொண்டார்கள். 071, 070 மொபிடெல். 077, 076, 074 டயலொக். ஆகப் பெயர்ப்பலகை எத்தனை இருந்தாலும் முதலாளிமார் மூன்று பேர்தான்.

என் தீர்ப்பு: ஒன்று டயலொக், மற்றது மொபிடெல். தீவுப் பக்கமும் வடமராட்சி கிழக்கும் போகிறவர்களுக்கு இந்தச் சோடிதான். ஹட்ச் பாவிக்கிற பிள்ளைகள் கோபிக்கக்கூடாது. பட்டணத்துக்குள் இருந்துகொண்டு டேட்டா விலையைப் பார்த்து அதை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. குறிகாட்டுவானில் படகு ஏறுகிறபோது அது மட்டும் கையில் இருப்பது வேறு விசயம்.

கேள்வி: கொம்பனியின் வரைபடத்தில் எங்கட கிராமம் முழுக்க நிறம் அடிச்சுக் கிடக்கு. வீட்டுக்குள்ளை ஒரு கோடும் இல்லை. வேலிக்கரையிலை போய் நிண்டால்தான் கதைக்கலாம். வரைபடம் பொய்யா, என்ரை போன் பொய்யா?
(கடற்றொழிலாளர், வெற்றிலைக்கேணி)

பதில்: இரண்டும் பொய்யில்லை. வரைபடம் உங்கள் வீட்டைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நிறத்தை யாரும் உங்கள் ஊருக்கு வந்து நின்று பார்த்துப் பூசியதில்லை. ரவரின் உயரம், அலைவரிசை, நிலத்தின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால் அது கணக்குப் போட்டு நிறம் தீட்டும். வெட்டவெளியில் நிற்கிற மனிதனை நினைத்துப் போடுகிற கணக்கு அது. தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் அதற்குத் தெரியாது. தகரத்துக்குக் கீழே போனால் எந்தச் சிக்னலும் பாதி உயிர் போய்த்தான் வந்து சேரும்.

அலைவரிசையிலும் ஒரு சங்கதி. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற கீழ்வரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 1800, 2100 எல்லாம் வேகமானவை, ஆனால் சுவரைக் கண்டால் களைத்துப் போகும். அதனால்தான் வீட்டுக்குள் 'கோல் எடுக்குது, நெற் எடுக்கேல்லை' என்கிற நிலை வருகிறது.

இனி உங்கள் ஊரின் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். குடாநாட்டில் மலை என்று ஒன்றும் இல்லை, சுண்ணக்கல் சமதரை. ரவர்காரருக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. பிறகு ஏன் வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு, செம்பியன்பற்றுப் பக்கம் இப்படி? ஊரின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி, நடுவில் நாடா மாதிரி ஒரு மணல் துண்டு. அங்கே ஒரு ரவரை நட்டால் அதன் வட்டத்தில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான் போகும். மீன் ரீலோட் போடாது. கொம்பனியின் கணக்குப்பிள்ளை அதைத்தான் பார்க்கிறார். கொழும்பில் ஒரு தெருவுக்கு ஒரு ரவர் நடுகிறவர், இங்கே பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்றை நட்டுவிட்டு, 'உங்களுக்கும் தந்துவிட்டோம்' என்பார்.

இதற்கு உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இலக்கம் 1900. வேலிக்கரையில் நின்றுகொண்டே எடுங்கள், அப்போதுதான் கோல் போகும். தனித்தனியாக எடுக்காமல் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் மூலமாக எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொன்னால் முறைப்பாடு, இருநூறு வீடு சேர்ந்து சொன்னால் வாடிக்கையாளர் கூட்டம்.

கேள்வி: 5ஜி எப்ப நெடுந்தீவுக்கு வரும்?
(உயர்தர மாணவன், நெடுந்தீவு)

பதில்: முதலில் படகு நேரத்துக்கு வரட்டும், தம்பி.

கேள்வி: கரையில் இருந்து எத்தனை கிலோமீற்றர் மட்டும் போன் எடுக்கும்? சில நாளிலை கனதூரம் எடுக்குது, சில நாளிலை பக்கத்திலையே இல்லை. இடைக்கிடை இந்தியாவுக்கு நல்வரவு எண்டு மெசேச்சும் வருது.
(படகு உரிமையாளர், குருநகர்)

பதில்: அண்ணை, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

தூரத்துக்கு இரண்டு வரம்பு உண்டு. முதலாவது பூமியின் வளைவு. 60 மீற்றர் உயர ரவர் ஒன்று கரையில் நின்றால், வள்ளத்தில் இருக்கிற உங்களுக்கு அதன் உச்சி கடலுக்குக் கீழே மறைவது ஏறக்குறைய 35 கிலோமீற்றரில். இரண்டாவது, 2ஜி தொழில்நுட்பத்திலேயே போட்டு வைத்த ஒரு எல்லை. சிக்னல் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை ரவர் கணக்கு வைத்திருக்கும். சாதாரண அமைப்பில் 35 கிலோமீற்றருக்கு அப்பால் அந்தக் கணக்கில் இடமில்லை. இரண்டு வரம்பும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனால் இது ஏட்டுக் கணக்கு. ரவர் கரையில் இல்லாமல் உள்ளுக்குள் நின்றால், அல்லது அதன் அன்ரெனா ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றால், கடலில் பாதித் தூரத்திலேயே கோடு விழுந்துவிடும்.

நாளுக்கு நாள் மாறுவதற்குக் காரணம் காற்று. கடலுக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காகப் படிகிற நாட்களில் அலைகள் அந்த அடுக்குக்குள் வளைந்து வழக்கத்தை விடத் தூரம் ஓடும். அமைதியான நாளில் தூரத்து வானொலி துல்லியமாகக் கேட்பதும் இதனால்தான்.

மூன்றாவது, அந்த நல்வரவு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர். அந்தப் பக்கத்தில் நிற்கிறவர்களின் போனில் எங்கள் நாட்டு வலையமைப்பு வருவதும், எங்கள் போனில் அவர்களுடையது வருவதும் பழைய கதை. போனுக்குக் கடல் எல்லை தெரியாது. 1974ஆம், 1976ஆம் ஆண்டு எல்லை ஒப்பந்தங்களை அது வாசித்ததும் இல்லை. ஆகவே இந்திய மெசேச் வந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. வரவில்லை என்றால் தாண்டவில்லை என்றும் அர்த்தமில்லை. அதைச் சொல்லவேண்டியது ஜிபிஎஸ். ஜிபிஎஸ்ஸுக்கு ரவரே தேவையில்லை, வானத்தைப் பார்த்தால் போதும்.

செட்டிங்கில் வலையமைப்பைத் தானாகத் தெரிவுசெய்யும் வசதியை நிறுத்தி, உங்கள் கொம்பனியைக் கையால் தெரிவுசெய்து வையுங்கள். றோமிங் டேட்டாவையும் மூடுங்கள். இல்லாவிட்டால் பிடித்த மீன் விற்ற காசு பில்லுக்குப் போகும்.

பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பான்ட் போட்டு, சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்த போனை உயிர்காப்பாக நினைக்கிற பழக்கம் கரையோரம் முழுக்க இருக்கிறது. கரை தெரிகிற தூரத்தில் அது உதவும். அதற்கு அப்பால் வீஎச்எப் வானொலி இல்லாமல் போகாதீர்கள். வானொலியில் கூப்பிட்டால் சுற்றிவர நிற்கிற வள்ளமெல்லாம் கேட்கும். போனில் கூப்பிட்டால் மனைவிக்கு மட்டும்தான் கேட்கும். அந்த மனிசி கரையில் நின்று என்ன செய்யும்?

கேள்வி: நல்லூர்த் தேர் அன்று போனில் முழுக் கோடும் இருந்தது. ஒரு படம்கூட அனுப்ப முடியவில்லை. எப்படி?
(பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி)

பதில்: கோடு சொல்வது ரவருக்கு உங்களைத் தெரிகிறது என்பதை. கவனிக்க அதற்கு நேரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. தேரடியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நிமிடத்தில் நேரலை விட்டால் எந்த ரவரும் கையை விரிக்கும். நயினை நாகபூசணி அம்மன் தேருக்கும் இதே கதை. அங்கே இடம் இன்னும் சிறிது, ரவரும் குறைவு. அந்த நேரத்தில் வட்ஸ்அப்பை விட வெறும் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு அதிகம். அதைவிட நிச்சயமானது, பிரிந்தால் எந்த மடத்து வாசலில் சந்திப்பது என்று படகு ஏற முன்னமே பேசி வைப்பது. அம்மன் படத்தை வீட்டுக்கு வந்தும் அனுப்பலாம்.

கேள்வி: தீவிலை கரண்ட் போனால் சிக்னலும் போகுமா?
(ஆசிரியை, புங்குடுதீவு, நெடுந்தீவில் கற்பிப்பவர்)

பதில்: உடனே போகாது, ரீச்சர். ரவருக்கு அடியில் பற்றரி இருக்கும், சில இடங்களில் ஜெனரேற்றரும் இருக்கும். பற்றரி இறங்கும் வரை உயிர் இருக்கும்.

தீவுகளில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் தேசிய மின்கம்பி கடல் தாண்டி வருவதில்லை. டீசல் ஜெனரேற்றரில்தான் நீண்ட காலம் ஓடியது. காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் சீனக் கொம்பனி ஒன்று தெரிவானது. தன் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனமா என்று இந்தியா முகம் சுளித்தது. திட்டம் கைமாறி, 2022 மார்ச்சில் இந்தியா தானே நன்கொடையாகத் தருவதென்று உடன்படிக்கை ஆனது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து சுமார் 11 மில்லியன் டொலர். வேலை ஒப்பந்தம் 2024 மார்ச்சில். உங்கள் வகுப்பறை மின்விசிறிக்காக இரண்டு வல்லரசு மல்லுக்கட்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம், புவியியல் பாடத்துக்கும் உதவும்.

இன்னொன்று. ஒரு ரவருக்குக் கரண்ட் மட்டும் போதாது. அது அடுத்த ரவரோடு பேசவேண்டும், அது அதற்கடுத்ததோடு, அப்படிப் போய்த்தான் பெருநிலத்துக் கண்ணாடி இழையில் சேரும். நடுவில் ஒன்று விழுந்தால், உங்கள் தீவு ரவர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும், போனிலும் கோடு இருக்கும், கோல் மட்டும் போகாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் பல மாவட்டங்களில் கரண்டும் இழையும் சேர்ந்து அறுந்து, ரவர்கள் வரிசையாக அடங்கியதைப் பார்த்தோம்.

இப்போது ஸ்ரார்லிங்க் இருக்கிறதே என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ பொருத்தமானது. ஆனால் அந்தத் தட்டுக்கும் கரண்ட் வேண்டும். இரண்டு நாள் உல்லாசப் பயணத்துக்கு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்தில் போனை யாரும் பாவிக்கிறதே இல்லை. பிறகேன் பற்றரி அவ்வளவு கெதியாய் இறங்குது?
(வாசகர், உடுவில்)

பதில்: நீங்கள் பாவிக்கவில்லை. அது சும்மா இருக்கவில்லை. ரவர் எங்கே, ரவர் எங்கே என்று முழுப் பலத்தோடு கூவிக்கொண்டே இருக்கும். படகில் ஏறியதும் பிளைற் மோட்டில் போடுங்கள், இறங்கியதும் எடுங்கள். படம் பிடிக்கத் தடையில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வருகிறோம். இந்திய சிம்மிலேயே றோமிங் போட்டால் போதாதா?
(வாசகர், மயிலாப்பூர்)

பதில்: வாருங்கள், வாருங்கள். 2019 அக்டோபரில் திறந்து, கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கிய தடம் அது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு.

ஊருக்குள் சுற்றுவதற்கு இங்கத்தைய சிம் ஒன்று எடுங்கள். கடவுச்சீட்டைக் காட்டினால் தருவார்கள். இந்திய சிம்மைக் கழற்றி எறியவேண்டாம். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். றோமிங்கில் குறுஞ்செய்தி வரும்படி வைத்துக்கொண்டு, அதன் டேட்டாவை மட்டும் மூடிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் வரைபடத்தைப் போனுக்குள் இறக்கி வையுங்கள். வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்குள் போனால் வழி கேட்க ஆள் கிடைப்பதே சில நேரம் கடினம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரர் ரொறொன்ரோவில்.

கேள்வி: மருமகன் லண்டனில் இருந்து போன் கொண்டு வந்து தந்தார். இஞ்சை வேலை செய்யுமோ? என்ரை அடையாள அட்டையிலை எத்தனை சிம் இருக்கெண்டும் தெரியாது.
(மாமியார், சுன்னாகம்)

பதில்: #132# அழுத்துங்கள், அடையாள அட்டைக்குக் கீழே என்னென்ன இலக்கம் கிடக்கிறது என்று பார்க்கலாம். தெரியாத இலக்கம் இருந்தால் மருமகனைக் கேட்க முதல் மகனைக் கேளுங்கள். போனுக்கு: *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ வரும். IMEI என்ற அந்த ஆங்கில எழுத்து நான்கையும் அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். கடையில் போன் வாங்குகிறவர்கள் காசை எண்ண முதல் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினால் என்ன அர்த்தம்? காட்டுக்குள் யாருக்கு எடுக்கிறது?
(சாரணர் குழு ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: உங்கள் கொம்பனி அங்கே இல்லை, வேறு கொம்பனி இருக்கிறது என்று அர்த்தம். உலகப் பொது அவசர இலக்கமான 112ஐ அழுத்தினால் எந்த ரவர் கிடைக்கிறதோ அதன் ஊடாகப் போன் முயற்சி செய்யும். உங்கள் சிக்னல் இருந்தால் பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

அந்த 1990 சுவசெரிய சேவை 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இந்திய நன்கொடை. காசு இல்லை. எடுக்கிறபோது, 'பெரிய புளியமரத்துக்குப் பக்கத்திலை' என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் பெரிய புளியமரம் இருக்கிறது. கிராம சேவகர் பிரிவு, பக்கத்துப் பாடசாலை அல்லது கோயிலின் பெயர், வீதி. இந்த மூன்றையும் பயணம் போக முதல் கடதாசியில் எழுதிப் பொக்கற்றில் வையுங்கள். அம்புலன்ஸ் கடலில் ஓடாது. தீவில் என்றால் முதலில் அங்குள்ள பிரதேச வைத்தியசாலை, பிறகு படகு.

கேள்வி: இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் சிக்னல் இல்லையென்றால் மூச்சு முட்டுகிறார்கள். நாங்கள் எப்படி இருந்தோம் என்று சொல்லுங்கள்.
(ஓய்வுபெற்ற தபாலதிபர், கரவெட்டி)

பதில்: ஐயா, நீங்கள் சொல்லவேண்டியதை என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள்.

தொண்ணூறுகளில் குடாநாட்டில் இருந்து வெளியூருக்கு ஒரு சொல் பேசுவதற்குத் தாண்டிக்குளம் தாண்டி வவுனியாவுக்கோ, கப்பலேறிக் கொழும்புக்கோ போனவர்கள் உண்டு. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் கொமியூனிகேசன் கடை வாசலில் வரிசையில் நின்று, பாரிஸில் இருக்கிற மகன் எடுக்கும் கோலுக்காகக் காத்திருப்பார்கள். முறை வந்ததும் அழத் தொடங்கி, பேசவேண்டியதை மறந்து, வைத்த பிறகு நினைவு வரும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது, அதற்குப் பிறகுதான் கைத்தொலைபேசி இங்கே பரவியது. அப்போது வந்த கோலுக்கும் காசு. அதனால் ஒரு றிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு றிங் என்றால் காசு அனுப்பு என்று வீட்டுக்கு வீடு ஓர் இலக்கணம் இருந்தது.

பிறகு சிடிஎம்ஏ போன்கள். மேசைப் போன் போலவே இருக்கும், தலையில் சின்னக் கொம்பு. வீட்டில் அது எடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அநேகமாக யன்னல் கட்டு. அதை அசைக்கிற பிள்ளைக்கு அடி விழும். தூசி தட்டுவதானாலும் தாய்தான் தட்டுவார். கதைக்கிறவர் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, தெருவால் போகிறவருக்கும் கேட்கக் கதைப்பார். 2006 ஓகஸ்டில் ஏ9 மீண்டும் மூடியது. போர் முடியும் வரை கைத்தொலைபேசிகள் பலமுறை துண்டிக்கப்பட்டன. சிக்னல் இல்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று சனம் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்க ஓடிய நாட்கள் அவை. இன்றைக்கும் இரண்டு மணித்தியாலம் சிக்னல் போனால் எங்கள் வயதுக்காரர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பது அந்தப் பழக்கத்தில்தான். பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பது நல்லதே.

கேள்வி: எல்லாம் சரி. ஒரு இடத்துக்குப் போக முதல் அங்கே எது எடுக்கும் என்று யாரைக் கேட்டால் உண்மை தெரியும்?
(முச்சக்கரவண்டிச் சாரதி, யாழ்ப்பாணம்)

பதில்: கொம்பனியைக் கேட்டால் தங்களுடையது என்பார்கள். மச்சானைக் கேட்டால் தான் வைத்திருப்பது என்பார். அந்த ஊர்ப் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள்: 'அண்ணை, இஞ்சை எந்த ரீலோட் கூடப் போகுது?' ஊர்ச்சனம் தங்கள் காசைப் போட்டுச் சொல்லும் பதில் அது. படகுக்காரரையும் கேளுங்கள். அவர் கரைவிட்டுக் கரை போகிறவர், எந்த இடத்தில் எது விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

வாசகர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் இடத்தின் பெயர், எந்த சிம், வீட்டுக்குள்ளா முற்றத்திலா எடுக்கிறது, நெற்றும் வருமா கோல் மட்டுமா என்று நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். எழுவைதீவு, அனலைதீவு, மணற்காடு, சுண்டிக்குளம் பக்கத்திலிருந்து வருவதற்கு முதலிடம். கொம்பனியின் பெயரை எழுதி 'சரியான மோசம்' என்று மட்டும் அனுப்புகிற கடிதங்கள் கூடைக்குத்தான் போகும். இடத்தின் பெயர் கட்டாயம் வேண்டும்.